கைப்பிடி இல்லாத கதவு

ஆங்கிலேய ஓவியர் ஹோல்மன் ஹண்ட் வரைந்த, கையில் விளக்கோடு கிறிஸ்து ஒரு கதவைத் தட்டும் 'உலகத்தின் ஒளி' ஓவியத்தை லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் பார்த்தேன். இதன் அச்சுப்பிரதி ஒன்று, "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனத்தோடு, எங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் தொங்கியது. சாயம் வெளுத்துப்போன படம் என்பதால் பகல் வேளை என்றே நினைத்திருந்தேன். நேரில் நின்றபோதுதான் அது நள்ளிரவு என்று உறைத்தது.

கதவின் வெளிப்பக்கம் கைப்பிடி இல்லை, உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும். இதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியவை களைகள்தான். வாசலை மறித்து நெஞ்சளவுக்கு வளர்ந்து, காய்ந்து நிற்கின்றன. கதவிலோ கொடி ஏறியிருக்கிறது. எத்தனை வருடமாக யாரும் அந்த வழியே நடக்கவில்லையோ!

ஓவியத்தில் இரண்டு வெளிச்சங்கள். கையிலுள்ள விளக்கு மனசாட்சி, தலையைச் சூழ்ந்த ஒளி மீட்பின் நம்பிக்கை என்று 1854-இலேயே கலை விமர்சகர் ரஸ்கின் விளக்கம் எழுதினார். இருக்கலாம். ஆனால் கிறிஸ்து கதவைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் கோபமில்லை, களைப்பு இருக்கிறது. கொஞ்ச நேரம் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

—

உங்கள் குறிப்பைப் படித்தேன். நீங்கள் பார்த்தது ஹண்ட் எழுபது வயதுக்கு மேல், கண்பார்வை மங்கிய காலத்தில், இன்னொரு ஓவியரின் துணையோடு முடித்த பெரிய படம். நான் ஆக்ஸ்போர்டு கீபிள் கல்லூரியில் மூலப்படத்தைப் பார்த்தேன். 1853-இல் முடித்தது, அளவில் சிறியது. சர்ரேயில் ஒரு பண்ணையில் இரவிரவாக உட்கார்ந்து வரைந்தாராம். புல்லின் மேல் படிந்திருக்கும் அந்தப் பச்சைக் குளிரைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

எனக்கு அந்த உடைதான் இடித்தது. ரத்தினம் பதித்த அங்கி, முள்ளோடு சேர்த்துப் பொற்கிரீடம். தச்சர் மகனுக்கு எதற்கு இத்தனை? எழுத்தாளர் கார்லைலும் இதைப் பார்த்துச் சீறினார் என்று படித்தபோது, நான் தனி ஆளில்லை என்று ஆறுதலாக இருந்தது. ஆனால் முகத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு மாதிரியாக அமர்ந்தவர்களில் கவிஞர் கிறிஸ்டினா ரோசெட்டியும் ஒருவர்.

கதவுக்கு மேலே ஒரு வௌவால் பறக்கிறதே, கவனித்தீர்களா?

—

இல்லை. பாட்டியின் பிரதியில் அந்த மூலையைச் செல்லரித்துவிட்டது. லண்டனிலோ நான் அவ்வளவு மேலே பார்க்கவே இல்லை.