தங்கை பின்லாந்துக்குப் படிக்கப் போகிறாள், ஊரைச் சுற்றிக் காடாம்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சிப்புட்_அக்கா:
வணக்கம். நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். தங்கைக்குப் பின்லாந்தின் தம்பெரே நகரத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் கிளம்புகிறாள். ஹெர்வந்தா என்ற பகுதியில் அறை கிடைத்திருக்கிறது. மேப்பில் பார்த்தால் கட்டடத்தைவிடப் பச்சைதான் அதிகம், நடுவில் ஏரி வேறு. அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. அம்மா விடியற்காலை இருட்டில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். பாம்பு, காட்டுப்பன்றி, அட்டை எல்லாம் பார்த்தவர். வயசுப்பெண் தனியாக அப்படி ஓர் இடத்தில் எப்படி இருப்பாள் என்று கேட்கிறார், என்னிடமும் பதில் இல்லை. காட்டில் தனியாக நடக்கலாமா? குளிர்காலம் எப்படி? அங்கே இருந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பகாவ்_பையன்:
அக்கா, நான் ஹெர்வந்தாவில்தான் தங்கிப் படித்தேன். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், அது ஆள் நடமாட்டம் இல்லாத காடு இல்லை. பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப வளாகம் அங்கேயே இருக்கிறது, 2021இலிருந்து டவுனுக்கு ட்ராம் ஓடுகிறது. அடுக்குமாடி வீட்டுக்குப் பின்னாலேயே மரங்கள் ஆரம்பித்துவிடும், கொஞ்ச தூரம் போனால் சுவோலியார்வி ஏரி. சாயங்காலம் நாயோடு நடக்கும் பாட்டிகள், ஓடுகிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு அப்பாக்கள் என்று யாராவது எதிரே வந்துகொண்டே இருப்பார்கள். பல பாதைகளில் விளக்கும் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், காடு யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் நீங்கள் நடக்கலாம், பெர்ரி பறிக்கலாம், ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நம் ஊரில் தோட்டத்து கேட்டைத் தாண்டினாலே ஜாகா (காவல்காரர்) கூப்பிட்டு விசாரிப்பார், அதில் வளர்ந்தவனுக்கு இது நம்ப முடியாத சுதந்திரம். ஆனால் வரம்பும் உண்டு. அடுத்தவர் வீட்டு முற்றத்துக்குள் போகக்கூடாது, பச்சை மரத்தை ஒடிக்கக்கூடாது, நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் நெருப்பு மூட்டவே கூடாது.

ஜூலை கடைசியில் அவுரிநெல்லி பழுக்கும். செடி முழங்காலுக்கும் கீழேதான், குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். முன்பக்கம் சீப்புப் பல் வைத்த சின்னப் பெட்டி ஒன்று கடையில் கிடைக்கும், அதைச் செடியில் விட்டு இழுத்தால் பழத்தோடு இலையும் சேர்ந்து வந்து விழும், அப்புறம் வீட்டில் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். விரலெல்லாம் ஊதாவாகிவிடும். தங்கை முதல் வருஷமே போகட்டும். காளான் மட்டும் தெரிந்தவர் கூட இல்லாமல் தொட வேண்டாம், பார்க்க வெள்ளையாக அழகாக இருக்கும் ஒன்று ஆளையே கொன்றுவிடும்.

தெலுக்_இந்தான்_மலர்:
தம்பி சொன்னது சரி, ஆனால் அவர் வெயில் காலத்தைப் பற்றியே பேசிவிட்டார். சிஸ், நான் இப்போதும் தம்பெரேயில்தான் இருக்கிறேன். எனக்குக் காடு பயம் தந்ததே இல்லை, கஷ்டம் கொடுத்தது இருட்டு. டிசம்பர் கடைசியில் சூரியன் காலை ஒன்பதரைக்கு மேல் எழுந்து பிற்பகல் மூன்று மணி வாக்கில் போய்விடும், அதிலும் பாதி நாள் மேகம். பனி விழுந்துவிட்டால் வெள்ளையில் வெளிச்சம் தெரியும், பனி வராத நவம்பர்தான் மிக மோசம். ஜூனில் நேர்மாறு, இரவு பதினொன்று வரை சூரியன் இருக்கும், தடித்த திரைச்சீலை இல்லாமல் தூங்க முடியாது.

இருட்டுக்கு என் வழி, வெளிச்சம் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கட்டாயம் வெளியே போவது. குளிருது என்று அறைக்குள்ளேயே உட்கார்ந்தால் மனசு கெட்டுவிடும். கோட்டின் இரண்டு பக்கமும் கயிற்றில் தொங்குகிற ஒளி பிரதிபலிப்பான் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், இருட்டில் நடப்பவர்கள் அதை மாட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். பனிச்சறுக்குக்காகப் போட்ட தடத்தில் நடக்கக்கூடாது, திட்டு வாங்குவாள். நாசியார்வி ஏரிக்கரையில் ரௌஹனியெமி சௌனா (சூடான நீராவிக் குளியல் இடம்) இருக்கிறது, அங்கே உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு இறங்கிக் குளிக்கிறார்கள், ஒருமுறையாவது போகட்டும்.

கூலிம்காரன்_ஓஸ்லோ:
நான் நார்வே, இங்கேயும் அதே கதைதான். ஓஸ்லோவில் பனிச்சறுக்குக் கட்டையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் ஏறி ஃப்ரோக்னெர்சேத்தரனில் இறங்கினால் எதிரே நூர்மார்க்கா காடு. அந்தக் காட்டை வீட்டுமனைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற 2009இல் தனிச் சட்டமே போட்டார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், மரம் எவ்வளவு இருந்தாலும் பேச ஆள் வேண்டும். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் தானாக வந்து பேச மாட்டார், நாம்தான் ஏதாவது சங்கத்தில் சேர வேண்டும். மாணவர் நடைக்குழு இருந்தால் முதல் வாரத்திலேயே சேர்ந்துவிடச் சொல்லுங்கள்.

சிப்புட்_அக்கா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாம்பு, அட்டை பற்றி யாரும் சொல்லவில்லையே என்கிறார்.

தெலுக்_இந்தான்_மலர்:
மழைக்காட்டில் காலில் ஏறும் அட்டை இங்கே இல்லைமா. விரியன் பாம்பு ஒரு வகை இருக்கிறது, கடித்தால் உடனே 112க்கு அழைக்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் அதுவே ஒதுங்கிப் போய்விடும். நான் அதிகம் கவனிப்பது உண்ணியை. புல்லில் நடந்துவிட்டு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பார்க்க வேண்டும், ஒட்டியிருந்தால் மருந்துக் கடையில் விற்கும் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போகட்டும். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது, வந்ததும் அவளுக்குத் தேவையா என்று மாணவர் மருத்துவச் சேவையில் கேட்டுக்கொள்ளட்டும். வந்து இறங்கியதும் இங்கேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.