பன்றிக் கழிவு எண்ணெய்: நைட்ரஜனைக் குறைக்க வழி தேவை

வணக்கம் நண்பர்களே. முதுகலை ஆய்வுக்காகப் பன்றிக் கழிவை எண்ணெயாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யுவான்ஹுய் ஜாங் குழுவினர் செய்துகாட்டிய வழிதான். கழிவை உலர்த்தாமல், மூடிய கலனில் 300 டிகிரி செல்சியஸ் வாக்கில், உயர் அழுத்தத்தில் வைத்தால் கருப்பாக, கெட்டியாக எண்ணெய் பிரிகிறது. உலர்த்தும் செலவு இல்லை என்பதே இதன் பெரிய பலம்.

எண்ணெய் வருகிறது, சரி. ஆனால் கழிவிலுள்ள புரதத்தால் அதில் நைட்ரஜன் அதிகம்; அப்படியே எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளியேறும். இந்த நைட்ரஜனை நீக்க, எண்ணெயில் ஹைட்ரஜன் செலுத்திச் சுத்திகரிக்கும்போது எந்த வினையூக்கி சீக்கிரம் கெடாமல் தாங்குகிறது?

அப்புறம், எண்ணெய் பிரிந்தபின் மிஞ்சும் நீரில் அம்மோனியாவும் பீனால்களும் (நுண்ணுயிர்களைப் பாதிக்கக்கூடிய கரிமச் சேர்மங்கள்) கலந்திருக்கின்றன. அதைச் சாண எரிவாயுக் கலனில் விட்டால் நுண்ணுயிர்கள் பிழைக்குமா? எவ்வளவு நீர் கலந்து விடலாம்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.