நோட்டரி சீல் காணவில்லை, உடனே புதுசு செய்யலாமா?

கேள்வி: என் சீனியர் வக்கீல் மாநில அரசு நியமித்த நோட்டரி, ஏரியா சென்னை. ரப்பர் சீல் வெள்ளிக்கிழமையிலிருந்து காணவில்லை. எம்பாஸிங் பிரஸ் (தாளில் எழுத்தைப் புடைக்க வைக்கும் கருவி) பீரோவில் இருக்கிறது. திங்கட்கிழமை அஃபிடவிட் வேலை நிறைய. பாரிமுனையில் புது சீல் செய்துகொண்டு தொடரலாமா, அனுமதி வாங்கணுமா? ஆன்லைன் எல்.டி.ஆர். (ஆவணம் தொலைந்ததற்கான போலீஸ் அறிக்கை) போதுமா?

பதில் – வக்கீல், உயர்நீதிமன்றம்:
1956 நோட்டரி விதிகளில் 12ஆவது விதி சீல் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. தொலைந்தால் என்ன செய்வது என்று தனி விதி கிடையாது. அதனால் முன் அனுமதி என்ற பேச்சே இல்லை. ஆனால் யாருக்கும் சொல்லாமல் புதுசு செய்துகொண்டால், நாளைக்குப் பழைய சீல் ஒரு போலிப் பத்திரத்தில் விழுந்திருக்கும்போது கையில் எந்த ஆதாரமும் இருக்காது.

எல்.டி.ஆர். பாஸ்போர்ட், ஆர்.சி. புக் மாதிரி ஆவணங்களுக்கு. சீலுக்கு நேரில் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். (மனு பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள்; திருட்டு என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். மனுவில் பழைய சீலின் பதிவைத் தெளிவாக ஒட்டி, கடைசியாகப் பயன்படுத்திய தேதியைக் குறிப்பிடுங்கள். அதன் நகலோடு தலைமைச் செயலகத்தில் சட்டத் துறைக்கு ஸ்பீட் போஸ்ட். மத்திய அரசு நியமனமாக இருந்தால் டெல்லி சட்ட அமைச்சகத்துக்கு.

இதைவிட முக்கியமானது நோட்டரி ரிஜிஸ்டர், அதாவது சான்றளித்த ஒவ்வொன்றையும் வரிசை எண்ணோடு எழுதும் பதிவேடு. கடைசி வரிசை எண்ணுக்குக் கீழே கோடு போட்டு, காணாமல் போன தேதி, சி.எஸ்.ஆர். எண், புது சீலின் மாதிரிப் பதிவு, அது புழக்கத்துக்கு வரும் தேதி எல்லாம் எழுதி சீனியர் கையெழுத்துப் போடட்டும். போலி ஆவணத்துக்கு ரிஜிஸ்டரில் வரிசை எண் இருக்காது, சான்று வாங்க வந்தவர் கையெழுத்து இருக்காது. கோர்ட்டில் காப்பாற்றுவது அதுதான். இடையில் பக்கம் காலியாக விட்டிருந்தால் இந்த வாதம் அங்கேயே செத்துவிடும்.

பதில் – ரப்பர் ஸ்டாம்ப் தொழில்:
அளவு 5 செ.மீ. விட்டம், சாதா வட்டம். பெயர், ஏரியா, பதிவு எண், 'நோட்டரி' என்ற சொல், நியமித்த அரசின் பெயர் இருக்கணும். கடைக்காரர் 4 செ.மீ. ரெடிமேட் மவுண்டில் (ரப்பரை ஒட்டும் பிடி) அடித்துத் தரப் பார்ப்பார். ஸ்கேல் வைத்து அளந்து வாங்குங்கள். அரச சின்னம் வேண்டாம், விதியில் இல்லை.

எழுத்து வடிவத்தையோ சொற்களின் இடத்தையோ பழையதிலிருந்து மாற்றுங்கள். அச்சு அசலாக அதே மாதிரி செய்தால் எது பழசு எது புதுசு என்று யாராலும் சொல்ல முடியாது. டிசைன் ஃபைல் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் பென் டிரைவில் கொடுத்து, முன்னால் நின்று அழிக்கச் சொல்லுங்கள். நியமனச் சான்றிதழ் நகல் கேட்காத கடைக்குப் போகாதீர்கள்.

கேட்டவர்: நன்றி சார். பழைய சீல் கிடைத்துவிட்டால்?

பதில் – வக்கீல், உயர்நீதிமன்றம்:
திரும்பப் பயன்படுத்தவே கூடாது. இடையில் யார் கையில் இருந்தது என்று தெரியாதே. ரப்பரை மவுண்டிலிருந்து பிய்த்துக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, தேதியோடு ரிஜிஸ்டரில் எழுதி, ஸ்டேஷனுக்கும் சட்டத் துறைக்கும் ஒரு வரி தெரிவியுங்கள். தேய்ந்து போன சீலுக்கும் இதே முறைதான். எம்பாஸிங் பிரஸ்ஸின் அச்சு (டை) உலோகம் என்பதால் எழுத்தைக் கிரைண்டரில் தேய்த்துவிட வேண்டும்.

இனி சீல் இருக்கும் பீரோச் சாவி கிளார்க்கிடம் இருக்க வேண்டாம். வெற்றுத் தாளில் முன்கூட்டியே சீல் குத்தி அடுக்கி வைக்கும் பழக்கம் பல ஆபீஸில் உண்டு. சீல் தொலைவதைவிட அது மோசம்.