வடக்கு வியட்நாம் மலைச்சந்தைகள்: பாக் ஹாவா, டோங் வானா?

தறிநாடா: ஹனோயிலிருந்து போய்த் திரும்ப 5 நாள் இருக்கிறது. ஹ்மோங் என்ற மலைவாழ் மக்களின் சந்தைகளைப் பார்க்க லாவோ காய் பக்கம் (பாக் ஹா) போவதா, ஹா ஜியாங் பக்கமா (டோங் வான்)? பைக் எடுக்கலாமா?

மலைப்பாதை: ஹா ஜியாங்தான், யோசிக்கவே வேண்டாம். பாக் ஹா ஞாயிற்றுச் சந்தை சாப்பா என்ற சுற்றுலா மலையூரிலிருந்து வரும் டூர் வேன்களுக்கான திருவிழா மாதிரி ஆகிவிட்டது. டோங் வானுக்கும் மியோ வாக்குக்கும் சந்தை ஞாயிறுதான். நடுவில் மா பி லெங் கணவாய் வழியாக 20 சொச்சம் கிலோமீட்டர். 6 மணிக்கு அங்கே, 9 மணிக்கு இங்கே என்று ஒரே காலையில் இரண்டும் முடியும். போதாததற்கு லுங் ஃபின், சா ஃபின் ஊர்களின் ‘பின்வாங்கும் சந்தை’ வேறு.

கொம்பன்: வேன் கூட்டம் பாக் ஹா போய்ச் சேர்வதே ஒன்பதரை, பத்துக்கு மேல். சாப்பாவிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம் அது. சனி இரவே பாக் ஹாவில் தங்கி ஆறரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். துணிக்கடைகளைத் தாண்டிப் பின்னால் போனால் எருமைகளும் குதிரைகளும் நிற்கும். சனிக்கிழமை கான் காவ் சந்தை இன்னும் நல்லது. பாக் ஹாவுக்கு வடக்கே 20 கிலோமீட்டருக்குள்தான், எருமை வியாபாரமே அங்கே பிரதானம். வாயைத் திறந்து கீழ்வரிசைப் பல்லை எண்ணுவார்கள் (முன்பக்கம் மேல்பல் மாட்டுக்கும் எருமைக்கும் கிடையாதே), பிறகு சுழி பார்ப்பார்கள். நம்மூர் மாட்டுத்தாவணி ஆட்களைக் கொண்டுபோய் விட்டால் மொழி தெரியாமலே விலை பேசிவிடுவார்கள்.

தறிநாடா: அது என்ன பின்வாங்கும் சந்தை?

மலைப்பாதை: கிழமைக் கணக்கு இல்லை, 12 விலங்கு நாள்களின் சுழற்சி. லுங் ஃபினுக்குப் புலி, குரங்கு நாள். சா ஃபினுக்குப் பாம்பு, பன்றி நாள். ஆறு நாளுக்கு ஒருமுறை வரும், ஆகவே இந்த வாரம் ஞாயிறு என்றால் அடுத்தது சனி, அதற்கடுத்தது வெள்ளி. நம் தினசரிக் காலண்டரில் நட்சத்திரம் போடுவதுபோல அவர்கள் கிழிக்கும் காலண்டரில் அன்றைய விலங்கு அச்சாகியிருக்கும். விடுதியில் காட்டச் சொன்னால் போதும்.

கொம்பன்: கணக்கு சரி. ஆனால் ஹனோயிலிருந்து ஹா ஜியாங் 300 கிலோமீட்டர், அங்கிருந்து டோங் வான் இன்னொரு 150. போக வர இரண்டு நாள் காலி. மேலே நிற்பது மூன்று நாள், ஒவ்வொரு பின்வாங்கும் சந்தையும் ஆறு நாளுக்கு ஒருமுறை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், அதை நம்பி அவரை அனுப்புகிறீர்கள்.

கியர்பாக்ஸ்: பைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இந்தியா தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமப் புத்தகம் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்த உரிமத்தை. ஆகவே கையில் புத்தகம் இருந்தாலும் உரிமம் இல்லாத கணக்குதான்.

மலைப்பாதை: வாடகைக் கடையில் யாரும் கேட்பதில்லை. ஆயிரம் பேர் ஓட்டுகிறார்கள்.

கியர்பாக்ஸ்: கடைக்காரர் கேட்க மாட்டார் ஐயா, விழுந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்பார். எலும்பு முறிவுச் செலவு முழுக்க உங்கள் தலையில். உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போவதுதான் சரி. அப்போதும் வண்டியைப் பார்த்து ஏறுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர் வேண்டாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விலகிவிடும், எஞ்சின் பிடிப்பு போய் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் டிரம் சூடேறினால் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது, வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஹோண்டா வேவ் போன்ற நாலு கியர் வண்டியில் குதிகால் பெடலை மிதித்து இரண்டாவதுக்கு இறக்கினால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும்.

மலைப்பாதை: உரிமம் விஷயத்தில் உங்கள் கட்சிதான், வாபஸ். ஊரை மாற்றமாட்டேன்.

நூல்கண்டு: துணி வாங்குவதாக இருந்தால் ஊர் எதுவானாலும் இதைப் பாருங்கள். ‘கை பாடிக்’ (கையால் மெழுகுக் கோடு போட்டுச் சாயம் ஏற்றியது) என்று விற்கும் பாவாடைகளில் பெரும்பாலானவை மெஷின் அச்சுப் பாலியெஸ்டர். துணியைத் திருப்புங்கள். தேன்மெழுகு வைத்து அவுரியில் முக்கியது என்றால் பின்பக்கமும் கோடு தெரியும், அச்சில் பின்பக்கம் வெளிறியிருக்கும். ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தினால் பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும், ஹெம்ப் (கஞ்சாச்செடி) நார் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். அவுரி கையில் ஒட்டினால் போலி என்று வீசிவிடாதீர்கள், புதுச்சாயம் அப்படித்தான். வெள்ளைச் சட்டையோடு சேர்த்து மடிக்காமல் இருந்தால் சரி.

தறிநாடா: பயணம் ஆகஸ்டில்.

கொம்பன்: அதை முதலிலேயே சொல்லக் கூடாதா! நிலச்சரிவு மாதம் அது. 2024 செப்டம்பரில் யாகி புயலுக்குப் பின் லாவோ காயில் ஒரு கிராமமே வெள்ளச் சேற்றில் புதைந்தது. அக்டோபருக்குத் தள்ளுங்கள். வெள்ளி இரவு ரயில், சனி விடியலில் லாவோ காய், பாக் ஹாவுக்கு 70 கிலோமீட்டருக்குள், அங்கிருந்து நேரே கான் காவ்.

மலைப்பாதை: அக்டோபர் சரி. கான் காவ் 11 மணிக்கே கலையத் தொடங்கும், ரயில் தாமதமானால் காலி மைதானம்தான். வியாழன் இரவே ஏறச் சொல்லுங்கள்.