பழைய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டினா மட்டும் படம் கலங்குது, உதவி தேவை

நிழல்தேடி:
கொஞ்சம் அவசரம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (சின்ன சென்சார் ரகம்) கேமரா. கூடவே வந்த கிட் லென்ஸும் 45 மி.மீ. லென்ஸும் ஷார்ப்பா வருது. அடாப்டர் (வேற கேமரா லென்ஸைப் பொருத்துற வளையம்) போட்டு, பழைய ஒலிம்பஸ் ஓஎம் ஃபிலிம் கேமராவோட 50 மாட்டினா எதை எடுத்தாலும் விளிம்பெல்லாம் இரட்டைக் கோடு. ஃபோகஸ் சரியாத்தான் இருக்கு, பெரிதாக்கிப் பார்த்துதான் வைக்கிறேன். கோளாறு லென்ஸிலயா, அடாப்டரிலயா? அடுத்து ஒரு 135 மி.மீ. லென்ஸும் பார்த்து வெச்சிருக்கேன், இது சரியானாதான் அது.

மெதுஷட்டர்:
கேமரா பாடி எது? ஷட்டர் வேகம் எவ்வளவு? அடாப்டர் வெறும் குழாயா, உள்ளே கண்ணாடி இருக்கா?

வளையம்46:
அடாப்டர்தான். லென்ஸ் மாட்டுற மவுண்டுலேருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரைக்கும் இருக்கிற தூரம் ஓஎம்ல 46 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25. அடாப்டர் 26.75 கனம் இருக்கணும். மலிவானதை வேணும்னே கொஞ்சம் குறைச்சுக் கடைவாங்க. லென்ஸ் முடிவிலியைத் தாண்டிப் போயிடும், வளையத்துல ∞ல நிறுத்தினா தூரத்துல இருக்கிறது மங்கும்.

மூத்தகண்:
பாடி பேர் கிடையாது, ஷட்டர் வேகம் கிடையாது, மாதிரிப் படம்கூட கிடையாது. ஜோசியம் பார்க்கணுமா? கேட்கிறதுக்கு முன்னாடி கேமராவோட வந்த கையேட்டைப் புரட்டுற பழக்கமே போச்சு.

வளையம்46 சொன்னதுக்கு: தூரம் தப்பினா படம் மங்கும், இரட்டைக் கோடு வராது. அவர் பெரிதாக்கி ஃபோகஸ் வைக்கிறாரு, ∞ குறி எங்க இருந்தா என்ன?

டக்டக்:
ஷட்டர் ஷாக், அதாவது ஷட்டர் திரை அடிக்கிற அதிர்வுல படம் கலங்குறது. இந்த பாடிகள்ல 1/60லேருந்து 1/200 வரைக்கும் இது உண்டு. மெனுவில ஆன்டி ஷாக்கை 0 நொடியில வைங்க, முதல் திரை எலக்ட்ரானிக்கா மாறிடும்.

நிழல்தேடி:
சாரி. ஈ-எம்10 மார்க் 2. லென்ஸ் ஓஎம் 50. அடாப்டர்ல கண்ணாடி இல்ல. 1/60, ஐஎஸ்ஓ 800. ஐஎஸ் (கை அசைவுக்கு ஈடா சென்சாரை நகர்த்துற வசதி) ஆன்ல, ஃபோகல் நீளம் 100னு கொடுத்து வெச்சிருக்கேன். ஆன்டி ஷாக் 0 போட்டும் அப்படியேதான்.

மெதுஷட்டர்:
கோடு மேல்-கீழா மட்டும் இரட்டிக்குதா, எல்லாப் பக்கமுமா? ஷட்டர் ஷாக்னா பெரும்பாலும் மேல்-கீழாதான் வரும், திரை ஓடுற திசை அது. மூணு படம் எடுத்துப் பாருங்க: ஐஎஸ் ஆஃப் பண்ணி 1/60ல கையில பிடிச்சு ஒண்ணு, 1/1000ல ஒண்ணு, ஸ்டாண்டுல ஐஎஸ் ஆஃப், 2 நொடி டைமரோட ஒண்ணு.

நிழல்தேடி:
குறுக்கும் நெடுக்குமா வருது. ஸ்டாண்டுல சூப்பர். 1/1000ம் சூப்பர். ஐஎஸ் ஆஃப்ல 1/60 கிட்டத்தட்ட அதே கலங்கல்.

மெதுஷட்டர்:
அப்ப லென்ஸும் அடாப்டரும் நல்லாத்தான் இருக்கு. அந்த 100தான் வில்லன். லென்ஸ் மேல பொறிச்சிருக்கிற 50ஐயே கொடுங்க. கை அசையுற கோணத்தோட ஃபோகல் நீளத்தைப் பெருக்கித்தான் சென்சாரை எவ்வளவு நகர்த்தணும்னு கேமரா கணக்குப் போடுது. 100னு சொன்னா தேவைக்கு ரெண்டு மடங்கு நகரும். அந்த நகர்வுல பாதி, அசைவு முழுசையும் ஈடுகட்டும், மீதிப் பாதி எதிர்ப் பக்கமா அதே அளவு கலங்கலா வந்து விழும். ஐஎஸ் ஆஃப் பண்ணினாலும் ஒரே மாதிரி இருக்கிறது அதனாலதான். 25னு கொடுத்திருந்தா பாதிக் கலங்கலாவது குறைஞ்சிருக்கும்.

ஐஎஸ் மெனுவில எஸ்-ஐஎஸ் 1 மேல நின்னு இன்ஃபோ பட்டன், டயலைத் திருப்பி 50, ஓகே. கிட் லென்ஸும் 45ம் மின் தொடர்பு உள்ளவை, நீளத்தைத் தாமே சொல்லிடும். அதான் அதுல பிரச்சினை இல்ல.

பெரியசென்சார்:
தப்பு. இந்த சென்சார்ல 50 போட்டா 100தானே? காட்சிக் கோணமே பாதியாகுதே.

மூத்தகண்:
கோணம் குறுகுறது படத்தை வெட்டுறதால. லென்ஸ் 50தான், எந்த பாடியில போட்டாலும் 50தான். 17.3 x 13 மி.மீ. சென்சார் அதோட நடுப்பகுதியை மட்டும் பார்க்குது.

பெரியசென்சார்:
அப்ப எஃப் 1.8ம் முழுச் சட்டக (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவோட எஃப் 3.6தான், ஒத்துக்கோங்க. பாதி விலைக்குப் பாதி வெளிச்சம்.

வளையம்46:
ஒளி அளவில 1.8 1.8தான். அதே ஐஎஸ்ஓ, அதே ஷட்டர் வேகம். ஒரே காட்சியை ஒரே தூரத்துல சட்டகத்துக்குள்ள அடைச்சா பின்னணி மங்குறது மட்டும்தான் 3.6 மாதிரி.

பெரியசென்சார்:
படத்துல புள்ளிப்புள்ளியா வர்ற இரைச்சல்? மொத்த ஒளி நாலுல ஒரு பங்குதானே?

மூத்தகண்:
சிஸ்டம் சண்டைக்கு வேற இழை திறங்க. 2008ல மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வந்த நாள்லேருந்து இதே பாட்டு.

நிழல்தேடி:
50 போட்டேன். 1/30லயே சுத்தமா வருது. நன்றி மெதுஷட்டர். 135க்கு 135தானே?

மெதுஷட்டர்:
ஆமா. லென்ஸ் மாத்துற ஒவ்வொரு தடவையும் நீங்கதான் மாத்தணும், கேமராவுக்குத் தெரியாது. 135ஐ மாட்டிட்டு 50லயே விட்டீங்கன்னா அசைவுல மூணுல ஒரு பங்குதான் சரியாகும். பின்னாடி 0.71 ஃபோகல் ரெட்யூசர் (ஃபோகல் நீளத்தைக் குறைக்கிற, கண்ணாடி வெச்ச அடாப்டர்) வாங்கினா அதையும் பெருக்கிக்கோங்க, 50க்கு சுமார் 35.