வெள்ளெலி ஒன்றுகூடச் சிக்கவில்லை

குமரி மாவட்டம் ஆரல்வாய்மொழி பக்கம் எங்கள் விளையில் (தோட்ட நிலத்தில்), உடைமரங்களுக்கு நடுவே வெள்ளெலிகளை (வளையில் வாழும் காட்டு எலி) உயிரோடு பிடித்து, எண்ணிவிட்டுத் திரும்ப விட வேண்டும். எம்.எஸ்சி. ஆய்வு. 20 தகரப் பெட்டிப்பொறி, 10 மீட்டர் இடைவெளி, ஆறு இரவு. பூஜ்யம்.

வளைகளில் ஆள் இருக்கிறது. சாயங்காலம் வளை வாயில் சருகு அடைத்தால் காலையில் வெளியே தள்ளிக் கிடக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் வால் நுனியில் கருங்குச்சத்தோடு ஒன்று தாவிப் போனதையும் பார்த்தேன். பொறிகள் மட்டும் மூடியபடி காலி. ஆடிக் காற்றே கதவைச் சாத்துகிறது போல.

பொறி வாயைத் திருப்பி வைத்தேன், கல் அண்டக் கொடுத்தேன். கடலை, கருவாடு, சுட்ட தேங்காய் எல்லாம் எறும்புக்குத்தான் போனது. நிலவில்லாத இரவிலும் இதே கதை.

காற்றுக்குச் சாத்தாமல், எலி மிதித்தால் மட்டும் மூடும்படி பொறியை எப்படி வைப்பது?