இடுக்கி மலையில் நமக்கு மிகப் பெரிய சிக்கல் எது? கிராமசபைக்கு முன் உங்கள் கருத்து வேண்டும்

கேட்டவர்: பெரியாற்றங்கரை

வணக்கம். வண்டிப்பெரியாற்றை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது எங்கள் வார்டில் வீடு வீடாகப் போய்ச் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளர். வரும் ஞாயிற்றுக்கிழமை வார்டு கிராமசபை கூடுகிறது. போன முறை ஆளுக்கொன்றாகச் சொன்னோம்: ரோடு, யானை, தெருவிளக்கு, தமிழ் வாத்தியார் இல்லாத பள்ளி. எல்லாம் குறிப்பேட்டில் ஏறியது, ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை ஒன்றே ஒன்றைக் கையில் எடுத்து, பதில் வரும்வரை விடுவதில்லை என்று நாங்கள் நாலைந்து பெண்கள் பேசி வைத்திருக்கிறோம். எதை எடுப்பது என்பதில்தான் எங்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை.

என் மனத்தில் இருப்பது வீடு. என் அம்மா 36 ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். மார்ச் மாதத்தோடு அவருக்கு ஓய்வு. லயத்தை, அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கை முடிப்போம் என்று தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த காலத்திலிருந்தே, வேலை செய்கிறவருக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

என்ன பெரிய வீடு! ஒரு திண்ணை, ஓர் அறை, ஓர் அடுப்படி. ஆடி மழையில் அறைக்குள் மூன்று வாளிகள் வைப்போம். எந்த ஒழுக்குக்கு எந்த வாளி என்று என் ஆறு வயது மகனுக்குத் தெரியும். அடுப்படிச் சுவர் புகையேறிக் கறுத்துப்போய், விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். அந்தச் சுவரில் அப்பா அடித்த ஆணியில்தான் அம்மாவின் கூடையும், இடுப்பில் கட்டும் படங்கும் இன்றைக்கும் தொங்குகின்றன. அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. "சொந்த ஊர்" என்று நாங்கள் சொல்லிக்கொள்வது சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே எங்களுக்கு அரை சென்ட் நிலம் கிடையாது. அம்மா கடைசியாக அங்கே போனது ஒரு கோயில் கொடைக்கு, அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பக்கத்தில் எது முதல் சிக்கல்? ஊரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நான் நினைப்பது தவறு என்று தோன்றினால் அதையும் சொல்லுங்கள்.

பதில்: சூரியநெல்லி ஏலத்தோட்டம்

தங்கச்சி, உங்கள் அம்மாவின் நிலை வருத்தமாக இருக்கிறது. ஆனால் சின்னக்கானல் பக்கம் வந்து கேட்டால் யானை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பன்னியாறு ரேஷன் கடையை அரிக்கொம்பன் என்ற காட்டு யானை எத்தனை தடவை உடைத்தது என்று எங்களுக்குக் கணக்கே விட்டுப்போயிற்று. 2023 ஏப்ரலில் அதைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். பிறகு அது கம்பத்தில் இறங்கியதையும், அங்கிருந்து களக்காடு காட்டுக்குக் கொண்டுபோனதையும் எல்லாரும் செய்தியில் பார்த்தோம். எங்களுக்கு அதோடு முடியவில்லை. சக்கக்கொம்பன் என்ற இன்னொரு யானை இன்னும் இங்கேதான் நடமாடுகிறது.

மாலை ஆறு மணிக்கு மேல் என் பிள்ளைகள் முற்றத்தில் இறங்கியதில்லை. காலை ஏழு மணிக்கு மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் நிற்பது பாறையா யானையா என்று தெரியாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் முன்பு நான் மட்டும் வளைவுவரை நடந்துபோய் மூக்கை விரித்து மணம் பிடிப்பேன். யானை நின்ற இடத்தில் ஒரு புளித்த வாடை இருக்கும். யானையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது காலங்காலமாக நடந்த பாதையிலேயே 301 குடும்பங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பயந்து இறங்கிவிட்டார்கள். வீடு கேட்கும்போது எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில்: பழைய பாக்டரி

அம்மா, நான் பீருமேட்டில் மூடிக் கிடக்கும் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 67. 2000க்குப் பிறகு இந்தத் தாலுகாவில் வரிசையாகத் தோட்டங்கள் மூடப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் அம்மாவிடம் சாவியைக் கேட்கிறார்கள். எங்களிடம் கேட்பதற்கு ஆளே இல்லை. கிராஜுவிட்டியும் இல்லை, பாக்கிச் சம்பளமும் இல்லை. ஓணத்துக்கு அரசாங்கம் தரும் தொகையும் அரிசியும்தான்.

லயத்தின் முகட்டு விட்டம் உளுத்துவிட்டது. பஞ்சாயத்தில் போய்ச் சொன்னால், நிலம் தோட்டத்தின் பெயரில் இருக்கிறது, அதில் நாங்கள் பணம் செலவழிக்க முடியாது என்கிறார்கள். கேரள அரசு வீடில்லாதவர்களுக்கு வீடு தரும் லைஃப் திட்டத்தில் கேட்டால் உங்களுக்கு நிலம் எங்கே என்கிறார்கள். நாங்களே மூங்கிலை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் லயங்களோடு 70 பேரை மண் மூடியதே, அதற்குப் பிறகு பெருமழை என்றால் என் மனைவி வீட்டில் படுப்பதில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். வீடுதான் முதல் சிக்கல். எழுதிக்கொள்ளுங்கள்.

பதில்: கம்பம்மெட்டு

எனக்கு ஆஸ்பத்திரி. அக்காவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்தது. ராத்திரி இரண்டு மணி. உடும்பன்சோலையிலிருந்து ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாக இறங்கித் தேனி மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். வளைவுக்கு வளைவு அக்கா என் முழங்கையைப் பிடித்த பிடி நான்கு நாள் கன்றிப்போய் இருந்தது. குழந்தை பிழைத்தது. இந்த மாவட்டத்தில் ரயில் கிடையாது, மழையில் பாதையும் கிடையாது. நான் சொல்வது இவ்வளவுதான்.

பதில்: தேவிகுளம் மாணவன்

அக்கா, வீடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை: காகிதம்.

என் தங்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு அலைந்தேன். பட்டியல் சாதியினர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10. அந்தத் தேதிக்கு முன்பே உங்கள் குடும்பம் இங்கே குடியிருந்ததைக் காட்டுங்கள் என்கிறார்கள். என் தாத்தாவின் அப்பா கைநாட்டு வைத்தவர். பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் வாங்கி வைத்தார்கள்? கடைசியில் தோட்ட அலுவலகத்தின் பழைய ஊழியர் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. கறையான் அரித்த பக்கம். ஆறு தடவை நடந்த பிறகு நகல் கொடுத்தார்கள். அதற்குள் தங்கை கேட்டிருந்த படிப்புக்கான கடைசித் தேதி போய்விட்டது.

பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தேவிகுளம் தொகுதியில் 2021இல் வென்ற சட்டமன்ற உறுப்பினரின் தேர்தல் வழக்கிலும் இந்த 1950 கேள்விதான் பெரிதாக எழுந்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அவருடைய தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. எம்.எல்.ஏ.வே டெல்லிவரை போக வேண்டியிருந்தது என்றால், கொழுந்து எடுக்கும் வீட்டுப் பிள்ளை எங்கே போவான்?

நம்மிடம் இருக்கும் முகவரி லயத்தின் எண் ஒன்றுதான். ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் அதுதான். லயத்தை விட்டு இறங்கினால் அதுவும் போய்விடும். ஆகவே அம்மா காலி செய்வதற்கு முன்பு, பதிவேட்டின் நகலைக் கையெழுத்தோடும் முத்திரையோடும் வாங்கிவிடுங்கள். சாவியைக் கொடுத்த பிறகு யாரும் உங்களை உள்ளே உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

கேட்டவர்: பெரியாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. தம்பி, நேற்றே அலுவலகத்துக்குப் போனேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமையும் போவேன்.

சூரியநெல்லி அண்ணா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். மலைச்சரிவின் அடியில், யானைப் பாதையில், ஓடைக்கரையில் என்று ஒதுக்கிக் கொடுத்தால் வாங்க மாட்டோம். லயத்தை எங்கே கட்டுவது என்று எங்கள் பாட்டிமாரை யாரும் கேட்டதில்லை. இந்த முறை கேட்க வேண்டும். கம்பம்மெட்டு தங்கை, உங்கள் அக்காவின் கதை எனக்குப் புதிதல்ல. ஆஷா என்ற முறையில் அந்த மாதிரி ஜீப்பில் நானே போயிருக்கிறேன். ஆனால் அதற்காக ஒரு தனி நாள் கூட வேண்டும்.

இப்போதைக்கு வீடு. அதிலும் முதலில் நிலம், ஏனென்றால் பெரியவர் சொன்னதுபோல நிலம் இல்லாமல் எந்தத் திட்டத்திலும் நம் பெயர் ஏறாது. அடுத்த மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறவர்களின் பட்டியலை எடுக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் மாற்று நிலம் கிடைக்கும்வரை லயத்திலிருந்து இறக்கக் கூடாது, கிராஜுவிட்டியைச் சாவியோடு முடிச்சுப் போடக் கூடாது என்று தீர்மானம் கேட்கப் போகிறோம். எங்கள் லயத்தில் மட்டும் ஏழு பேர் இருக்கிறார்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துதான் 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். 232 ரூபாய்க் கூலி 301 ஆனதும் அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான். அன்றைக்கு என் அம்மாவும் இங்கே வேலைக்குப் போகாமல் நின்றார்.

அம்மாவிடம் இவை எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "பெரிய வீடு கேட்காதே, விறகு அடுக்க இடம் இருக்கிறதா என்று கேள்" என்றார்.

ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு எல்.பி. பள்ளியில் (தொடக்கப் பள்ளியில்) கூட்டம். எங்கள் வார்டுக்காரர்கள் ரேஷன் கார்டு நகலோடு வாருங்கள். படிவம் மலையாளத்தில்தான் இருக்கும். எழுதித் தருவதற்கு நான் ஒரு மணிக்கே வந்து பள்ளி வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன்.